நாலாம் நம்பர் ஜெபம்

மதியம் இரண்டரை மணி. பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கொளுத்தும் வெயில்... சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் ஒரு சாலை. ஒரு நாய்கூட இல்லை. அதில் குடை பிடித்தபடி ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவருக்கு மச்சினன் முறை. ஜெபக்காரர் என்பார்கள்.

என்ன வேலை தெரியுமா? போனில் ஜெபம் செய்வது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு போன். கஷ்டத்தில் இருப்பவர்கள் கூப்பிடுவார்கள். அவர்களுக்காக இவர் ஆண்டவரிடம் மன்றாட வேண்டும். ஆனால் மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு வரி வராது. அட்டையில் ஐந்து ஜெபங்களை எழுதி ஒட்டியிருந்தார். நோய்க்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று... பெலன் இல்லை என்று அழுதால் நாலாம் நம்பர். அதை மட்டும் பார்க்காமலே ஒப்பிப்பார். எதிர்முனையில் ஒருத்தி விம்மிக்கொண்டிருப்பாள், இவர் நகம் வெட்டிக்கொண்டிருப்பார். போனை வைத்ததும், "அழுமூஞ்சிங்க" என்பார். இவரெல்லாம் ஊழியக்காரர். த்தூ.

சொந்த அண்ணன் படுத்த படுக்கையானபோதும் அதே லட்சணம்தான். கடைசல் பட்டறையில் வலது கை மோதிர விரலைப் பறிகொடுத்து, இவரைப் படிக்க வைத்த அண்ணன். "தம்பி, ஒரு தடவை வந்து என் கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணுடா. எந்திரிச்சு உக்காரப் பெலன் கிடைச்சாப் போதும்" என்று போனில் கெஞ்சினார். "நாளைக்கு வரேண்ணே." இப்படியே இருபது நாள். கடைசியில், பெட்டிக்குள் வைத்த பிறகு போய் நின்றார். அங்கே மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் உருகினாரே பார்க்கலாம்...

அது முடிந்து ஒரு மாதம். அன்றைக்கு அறைக்கு வந்து குடையை மடக்குகிறார், போன் அடித்தது. மெல்லிய குரல், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"பெலன் இல்லீங்க... மேல ரொம்பக் கனமா இருக்கு."

யார், எவர் என்று கேட்டால்தானே. நகவெட்டியை எடுத்தார், நாலாம் நம்பரை ஆரம்பித்தார். "ஆண்டவரே, இவருடைய கைகளுக்குப் பெலன் தாரும். மேலே அழுத்துகிற பாரத்தைத் தள்ளிப்போடச் செய்யும். எழுந்து நடக்கச் செய்யும். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரச் செய்யும். ஆமென்."

மறுநாள் அதே இரண்டரை. "கொஞ்சம் அசையுதுங்க..." பின்னால் பலகை முனகியது. பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. இவர் கொட்டாவி விட்டுக்கொண்டே நாலாம் நம்பர் சொன்னார்.

மூன்றாம் நாள். "வெளிய வந்துட்டேன். நடக்கத்தான் முடியல." மறுபடி நாலாம் நம்பர்.

நான்காம் நாள் போனை எடுத்ததுமே அறையில் ஈர மண் வாசனை. வெளியே அனல் பறக்கிறது... ஈர மண்.

"கீழதான் நிக்கிறேன். படி ஏறணும். நீ நாளைக்கு நாளைக்குன்னு சொன்ன... அதான் நானே வந்துட்டேண்டா தம்பி."

அப்போதுதான் குரல் பிடிபட்டது. போனைக் கீழே போட்டார். அறைக்கு ஒரே வாசல், அதற்கு வெளியே பன்னிரண்டு இரும்புப் படிகள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். பதினோரு வருஷ ஊழியத்தில் முதல் தடவையாக மனசார ஜெபிக்க வாயைத் திறந்தார். 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். வாயில் வந்தது என்ன?

"இவருடைய கைகளுக்குப் பெலன் தாரும்..."

டங்.

வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் நின்றது. வேறு ஏதாவது சொல்லலாம் என்று கையை எடுத்தார்.

"மேலே அழுத்துகிற பாரத்தைத்..."

டங்.

வேறு எதுவும் வரவில்லை. பயத்தில் நாக்கு தானாக ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி. மூன்றாவது தடவை சொல்லி முடித்தார்... பன்னிரண்டாவது படி. தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

சாயங்காலம் டயர் கடைக்காரர்தான் பார்த்தார். உயிர் இருந்தது. வலது கையை முன்னால் நீட்டியபடி மண்டியிட்டிருந்தார். ஒப்பித்துக்கொண்டே இருந்தார். நாலு பேர் இழுத்தும் அந்தக் கையை இறக்க முடியவில்லை. மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், மணிக்கட்டு எலும்பு நெரிபடும் சத்தம் கேட்கும். உடனே அலறிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

சொல்லியனுப்பி அண்ணி வந்தாள். அவர் மணிக்கட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஈர மண்ணில் விரல் தடங்கள். நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஒரு விரல் அளவு வெற்றிடம்.

அவள் அழவில்லை. முந்தானையால் தன் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க தம்பி. அவரு இருபது நாள் காத்துக்கிட்டிருந்தாரு" என்றாள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.