தங்க நிற டிரில் பிட்டு

"உள்ள செவப்பே தெரியல மச்சான், போலி" என்று பின் இருக்கையில் ஒருவர் சொன்னதும், புடவையைப் பற்றிய பேச்சு என்றே நினைத்தேன். நல்ல ஜரிகையைக் கல்லில் தேய்த்தால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் இது வழக்கமான பேச்சுதான்.

"மாப்ள, அது ஓட்டை போடற டிரில் பிட்டு. ஜரிகை இல்ல."

"தங்கக் கலர்ல மினுக்கிகினு இருந்துச்சே. தேய்க்காம எப்படி வாங்கறது?"

"அது மேல போட்ட பூச்சு. நீ தேய்ச்சதுல முனை மழுங்கிப் போச்சு பாரு. கண்ணாடி மேல உருட்டிப் பாக்கணும். ஆடாம உருண்டா வளைவு இல்லன்னு அர்த்தம்."

"கடைக்காரர் இனிமே உள்ள வராதன்னுட்டாரு."

"எத்தினி தேய்ச்ச?"

"இருந்த எல்லாத்தையும்."

"நாளைக்கு என் தங்கச்சி குழந்தையோட வருது. தொட்டில் பலகையில ஒரு ஓட்டைகூட போடல. குழந்தைய எங்க படுக்க வைப்ப?"

"அதான் வேற கடைல வாங்க ஜல்தியா வேலூர் போறோமே மச்சான்."

பேருந்து கண்ணமங்கலத்தைத் தாண்டியது. பிறகு மச்சானின் குரல் கேட்டது.

"அந்தக் கல்ல எங்கிட்ட குடு."

ஏதோ கைமாறிய சத்தம்.

"இன்னொரு பாக்கெட்ல இருக்கறதையும்."