ஆளுக்குக் கொஞ்சம் பழி

— சட்டையெல்லாம் பெட்டியில வெச்சாச்சு. பேச்சை மட்டும் நான் டைப் பண்ணித் தரமாட்டேன்.

— ஹெத்விக், காலையில சரித்திர மாநாடு. கல்யாணமான நாள்லேருந்து என் எழுத்தையெல்லாம் நீதானே டைப் பண்றே? இன்னிக்கு மட்டும் என்ன?

— நாளைக்கு மேடையில நீங்க திட்டப் போற ப்ரோக்மனோட புஸ்தகத்தைச் சோறு தண்ணியில்லாம படிச்சீங்களே, ரைனோல்ட். தொள்ளாயிரத்துப் பதினாலுல வந்த உலகப்போரை நம்ம பெர்லின்தான் தெரிஞ்சே இழுத்து விட்டதுங்கறார். அதுல எது பொய்? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, இப்பவே மெஷின்ல காகிதம் சொருகறேன்.

— பொய்னு நான் சொல்லல. ஒருதலைப்பட்சம்ங்கறேன். வியன்னா, பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன்... ஆளுக்குக் கொஞ்சம் பழி உண்டு. எல்லாருமா சேர்ந்து போருக்குள்ள வழுக்கி விழுந்தாங்க.

— வழுக்கினாங்க சரி, புரொபசர் ஐயா. எண்ணெய் ஊத்தினது யாரு?

— வக்கீலாட்டம் கேக்காதே.

— பெண்டாட்டியாவே கேக்கறேன். அந்தப் போர்க்கால அரசாங்கத் தந்தியையெல்லாம் நாம புஸ்தகமா அச்சுக்குத் தயார் பண்ணினப்போ, ஒரு வரிய பென்சிலால அடிச்சீங்க. ‘தயங்காம அடிங்க, பின்னால நாங்க இருக்கோம்’னு பெர்லின்லேருந்து வியன்னாவுக்குப் போன வரி. அது இல்லாமத்தான் நான் டைப் பண்ணினேன்.

— அப்போ எல்லாரும் அப்படித்தான் பண்ணினோம். போர்ல தோத்தப்புறம் வெர்சாய் ஒப்பந்தத்துல மொத்தப் பழியையும் நம்ம தலையில கட்டிட்டு, ரொட்டிக்கே திண்டாட வெச்சாங்க. ஒரு வரி போனா நாடு தலை நிமிரும்னு நெனச்சேன்.

— நீங்க வரி அடிச்ச அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுத்தான் நம்ம பையன் தீத்தர் வளர்ந்தான்.

— அவனை இதுல இழுக்காதே.

— அடுத்த யுத்தம் வந்தப்போ, ‘நம்ம மேல சுமத்தின பொய்ப் பழியத் தொடைச்சுட்டு வாடா’ன்னு ஸ்டேஷன்ல அவன் தோளைத் தட்டி அனுப்பினது யாரு?

— நான்தான். ரஷ்யாவுலேருந்து அவன் செத்த சேதி வந்த நாள்லேருந்து இந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசுது. ப்ரோக்மன் சொல்றது சரின்னு மேடையில ஒத்துக்கிட்டா, என் பிள்ளைய நானே பொய் சொல்லிச் சாகவிட்டேன்னு ஆகுது. என்னால முடியாது ஹெத்விக்.

— அதுக்காக அந்த மனுஷனைத் துரோகின்னு சொல்லப் போறீங்க.

— வேற வழி தெரியல. பழி முழுக்க என்னோடது. நீயாவது குத்திக் காட்டாம இரு.

— முழுக்க உங்களோடதுன்னு யார் சொன்னா? காபிய வெச்சுட்டுக் கேளுங்க. பட்டாளத்துல சேர்றதுக்கு முதல் நாள் அவன் என்கிட்ட வந்தான். ‘மருத்துவம் படிக்கறவங்க இப்போ போக வேண்டாங்கறாங்கம்மா. அப்பா பேச்சுல எனக்கு நம்பிக்கை இல்ல. அவர் எழுதினதையெல்லாம் நீதானே டைப் பண்றே, நீ சொல்லு, அதெல்லாம் நிஜமா?’ன்னு கேட்டான்.

— நீ என்ன சொன்னே?

— அத்தனையும் நிஜம்டான்னேன். விடிஞ்சதும் போய்ப் பேர் கொடுத்துட்டான்.