ஸ்காலர்ஷிப்புக்கு வூடு பாக்க வந்தாங்க

...நீயே சொல்லுக்கா. மொதல் மார்க்கு வாங்கின பொண்ணுக்கே ஸ்காலர்ஷிப்பு கெடையாதுன்னா, அப்புறம் இன்னாத்துக்குப் பரிச்ச வக்கிறாங்க? கொடத்த இப்படித் தள்ளி வையி. இந்தக் கொழாய்ல நூலு மாதிரிதான் தண்ணி வரும். புதுசா குடி வந்திருக்க, போகப்போகத் தெரிஞ்சிக்குவ.

எம் பொண்ணு ரோஸ்லினத்தான் சொல்றேன். நேத்து உங்க சிலிண்டர எறக்கி வச்சாளே, ஒல்லியா, அவதான். பன்னெண்டாவது முடிச்சிட்டா. பாண்டியில ஒரு டிரஸ்ட்டு, வருசா வருசம் ஒரு பொண்ணுக்கு காலேஜி ஃபீசு, ஆஸ்டலு எல்லாம் கட்றாங்க. அவங்க வக்கிற பரிச்சயில மொதலா வரணும், வூட்ல வசதி இருக்கக் கூடாது. படிப்பு அவகிட்ட இருக்குது, மத்தது எங்ககிட்ட இருக்குது.

மூலக்குளத்துல ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனோம். உள்ள சேரவே ஒரு பரிச்ச வக்கிறான்க்கா. நல்லா எழுதறவங்கள மட்டும் சேத்துக்கினு, அப்புறம் நாங்கதான் எழுத வச்சோம்னு பேனர் கட்றான். வேணாஞ்சாமின்னு வந்துட்டோம். பழைய கொஸ்டின் பேப்பருங்கள வாங்கியாந்து அவளே போட்டுப் போட்டுப் பாத்தா. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? கேபிள புடுங்கிட்டேன். தெனம் வல்லாரைக் கீரை. ஞாபக சக்தி அவளுக்கு வந்துச்சோ இல்லியோ, எங்க வூட்டுக்காரருக்கு வந்துடுச்சி. கல்யாணத்துல எங்கப்பன் போடறேன்ன மோதரத்த இப்பக் கேக்குறாரு.

சரி, மொதலா வந்துட்டா. அப்புறம் போன் வருது, ஞாயித்துக்கெழம வூடு பாக்க வரோம்னு. பொண்ணு இருக்கற வூட்டுக்குப் பெரிய மனுசங்க வராங்கன்னா தாய்க்காரி இன்னா செய்வா? இருக்கற வூட்ட அப்படியே காட்டுவாளா? பக்கத்து வூட்டு கல்பனாவோட சோபாவ தூக்கியாந்தோம். அவ வூட்டு ஃபிரிட்ஜும்தான், கூட வந்துச்சி. செவுத்துக்குச் சுண்ணாம்பு. எதுத்த வூட்டு நாகராஜன் காரு எங்க வாசல்ல நின்னுது. அது நெழலுக்கு நிறுத்தினாரு, நான் இன்னாத்துக்கு எடுக்கச் சொல்லணும்?

டிரஸ்ட்டுலேருந்து வந்த அந்தம்மா நல்ல மாதிரிதான். கேசரி சாப்ட்டாங்க, ஜில்லுனு தண்ணி குடிச்சாங்க. வூட்ல எப்படிங்க, கஷ்டமான்னு கேட்டாங்க. வந்தவங்ககிட்ட கஷ்டம்னு சொல்ற ஜனமாக்கா நாங்க? மாதா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்கன்னேன். ரோஸ்லின் என் காலக் கிள்றா. நான் பொடவைய இழுத்து வுட்டுக்கினேன்.

மறுவாரம் போன்ல சொல்லிட்டாங்க, வசதியான குடும்பம், கெடையாதுன்னு. படிச்சவங்கதானக்கா? அந்த சோபாவுக்கும் எங்க செவுத்துக்கும் ஒட்டவே இல்லியே, கண்ணால பாத்தா தெரிய வேணாம்?

பொண்ணு என்கிட்ட பேசல. ஜவுளிக்கடைக்காரங்க வேற, பில்லு போட இவள அனுப்பறீங்களான்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்கப்பாவும் சரின்ட்டாரு, கொத்து வேலக் கூலிய வச்சிக்கினு அவரு வேற இன்னா சொல்லுவாரு. அவளே பஸ்சு ஏறிப் போய், எல்லாம் எரவல்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டா. மானம் போச்சி. ஆனா, நாளைக்கு மறுபடியும் வராங்களாம். இதான் கடைசியாம்.

ராத்திரி வந்து சொல்றா, "அம்மா, இந்த வாட்டி நாம இருக்கற மாதிரியே இருந்துடலாம்மா." அதெப்படிக்கா இருக்கறது? அவங்க நம்ப வேணாம்? காத்தாலயே ஃபேன கழட்டி கட்டிலுக்கடியில போட்டுட்டேன். சுண்ணாம்பு மேல கரியத் தேச்சேன். வூட்டுக்காரர படுத்துக்கினு இருமச் சொல்லி இருக்கேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லா இருமுறாரு. ஒண்ணுதான் கொறையுது. உங்க வூட்ல கிழிஞ்ச பாய் கீய் இருந்தா ஒரு நாளைக்குக் குடேன். ரொம்பக் கிழிஞ்சதா...

இன்னாக்கா, பாதிக் கொடந்தான ரொம்புச்சி, அதுக்குள்ள தூக்கிட்ட? பாய் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். பாரு, போயே பூட்டா.

யாருடி அது நம்ம வூட்டுக்குள்ள... ரோஸ்லினா? ஸ்டூல் மேல ஏறி இன்னா பண்ற? அந்த ஃபேன ஏண்டி மறுபடியும் மாட்ற? நாளைக்கு அவங்க வந்து பாத்தா...

இன்னா பாக்குற? அப்படிப் பாக்காத.

சரி. சரி, மாட்டு. இரு... ஸ்டூலு ஆடுது. நான் வந்து புடிச்சிக்கறேன்.