ஹலினா விரட்டிய டிராகன்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சைக் கைக்கடிகாரத்தில் அளந்துகொண்டிருக்கும் அம்மையார் எலினோர் வுய்சிக் அவர்களே! எட்மன்டன் நகரத்தின் பனியையும் பகலையும் எங்களைவிட அதிகம் பார்த்த பெரியோர்களே! பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து, மடித்து, வேகவைத்து, எங்கள் வாயையும் வயிற்றையும் நிறைத்த தாய்மார்களே! குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க வண்டிகளை மின்செருகியில் மாட்டிவிட்டு வந்து வீற்றிருக்கும் நண்பர்களே! பனிமேல் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்துக்குப் பனித்தளம் நடத்தும் இந்த மெர்வினின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. ஆனால் என் பனித்தளத்து மாடியில் ஒரு கேம் பிறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தத் தகுதி போதும் என்று மேடையேற்றிவிட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடறிந்த ஒரு பெரிய கேம் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் வெளியே வந்து, என் மாடியில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். விரட்டினார்களா? இல்லை. விருது தரவில்லையா? அலமாரி நிறையத் தந்தார்கள். சம்பளம் குறைவா? அதுவும் இல்லை. பின் ஏன் வந்தார்கள்? டுவெய்ன் கார்டினலைக் கேளுங்கள். கேமை ஓடவைக்கும் நிரல் எழுதுகிறவர் அவர். இரவென்றும் பகலென்றும் பாராமல் அங்கே உழைத்துவிட்டு, ஒரு கிறிஸ்துமஸுக்கு மகனுக்குப் பனி ஹாக்கி ஆட ஸ்கேட் காலணி வாங்கிப் போனார். பையன் பெட்டியைத் திறந்தான். "அப்பா, நான் ஹாக்கிய விட்டு ஒரு வருஷமாச்சு" என்றான். மறுமாதமே டுவெய்ன் வேலையை விட்டார்.

எட்டுப் பேருக்கும் தலைவி ஹலினா ஸ்டெஃபனியுக். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் பாறை மட்டுமே வரைந்தவர். ஆமாம் ஐயா, பாறைதான், சிரிக்காதீர்கள்! வீரன் ஏறும் பாறை, ஒளியும் பாறை, தலையில் விழும் பாறை. பெரிய இடத்தில் ஆளுக்கொரு வேலைதானே? அவருடைய வாழ்நாள் ஆசையோ ஒரு டிராகன். மாடிக்கு வந்ததும் அதைத் தொடங்கினார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: "மெர்வ், சாயங்காலம் ஆறு மணி ஆனா மாடி கரண்ட்ட ஆஃப் பண்ணிடு. நானே வந்து கெஞ்சினாலும் போடாத."

கெஞ்சினார்கள், அணைத்தேன். கொஞ்சினார்கள், அணைத்தேன். பெரோகி கொடுத்தார்கள், தின்றுவிட்டு அணைத்தேன்!

டிராகன் வளர்ந்தது. அழகென்றால் அப்படியோர் அழகு. கேமின் கடைசிச் சண்டையே அதோடுதான். வெளியீட்டுத் தேதியையும் டிராகனையும் உலகுக்குச் சொல்லியாயிற்று. தேதி தவறினால் கம்பெனியை மூட வேண்டியதுதான். அப்போது பார்த்து வந்தது வினை. டிராகன் சிறகை விரித்தால் கேம் அப்படியே நின்றுபோகும். எட்டுப் பேரும் பகலெல்லாம் தேடினார்கள், பழுது பிடிபடவில்லை.

ஒருநாள் மாலை, மாடி கரண்ட்டை அணைத்த பிறகு, பனியைச் சீவும் இயந்திரம் நிற்கும் கொட்டகையில் வெளிச்சம் கண்டேன். திருடன் என்று துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு போனால், உள்ளே ஏழு பேர்! தலையில் குல்லாய், மடியில் கணினி. பழைய இடத்துப் பழக்கம் விடுமா? ஹலினாவைக் கூப்பிட்டேன்.

"என்ன கூத்து இது?" என்றார்.

"கொஞ்ச நாள் கண்ண மூடிக்கோ. உன் டிராகன எப்படியாவது பொழைக்க வெச்சிடறோம்" என்றார் டுவெய்ன்.

"உன் பையன் இப்ப எங்க?"

"மேட்ச்ல."

"என்ன மேட்ச்?"

டுவெய்ன் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வாலிபால்" என்றார் ஹலினா. "உன் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். எந்திரி. இப்ப போனாக்கூட கடைசி செட்டு பாக்கலாம்."

"அப்ப டிராகன்?"

"அது என் பாடு. நீ கெளம்பு."

மறுநாள் காலை, ஹலினா தன் ஆசையை, அந்த டிராகனை, தன் கையாலேயே கேமிலிருந்து நீக்கினார். நான் காபியோடு பக்கத்தில் நின்றேன். முடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார், தாய்மார்களே. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, வேற முடிவு யோசிப்போம்" என்றார்.

கேம் சொன்ன தேதியில் வந்தது. வாங்கியவர்கள் கொண்டாடினார்கள், டிராகன் எங்கே என்று திட்டவும் திட்டினார்கள். நிருபர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். ஹலினா சொன்னார்: "எட்டு வீட்டுச் சாப்பாட்டு மேசைய அது முழுங்கப் பாத்துச்சு. விரட்டிட்டோம்."

படைக்கத் திறமை போதும். பெருமக்களே, படைத்ததைப் பிறருக்காக விட்டுக்கொடுக்க எத்தனை பெரிய நெஞ்சம் வேண்டும்? அந்த நெஞ்சம் இந்த ஊரில், என் மாடியில், மாத வாடகைக்கு இருக்கிறது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

வீட்டுக்கு நேரம் விட்டுவைக்கும் கம்பெனி என்று நகரம் இன்று தரும் விருதை எட்டுப் பேர் சார்பில் வாங்க டுவெய்னைத்தான் அழைத்திருக்கிறோம். என்ன, முன்வரிசையில் முணுமுணுப்பு? ஆள் எங்கே என்றா? தெற்கே லெத்பிரிட்ஜ் ஊரில் இருக்கிறார். மகனுக்கு இன்று வாலிபால் இறுதி ஆட்டம். அவை மரியாதை தெரியாதவர் என்று முகம் சுளிக்காதீர்கள். எதற்காக இந்த விருதைக் கொடுக்கிறோமோ, அதைத்தான் அந்த மனிதர் இந்த நிமிடம் செய்துகொண்டிருக்கிறார்.

செவிகொடுத்த அவைக்கு நன்றி, பொறுத்துக்கொண்ட தலைவருக்கு இரட்டை நன்றி. பேச்சை முடிக்கிறேன், நீங்களும் நேரத்தோடு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.