சந்தியில் மறித்த வாக்கு

ஆமிக்காரன் மறுபடி ஷெல் குத்துகிறான். தெற்குப் பக்கம். தொம். பிறகு சத்தமில்லை. மூன்று வரை எண்ணலாம். அதற்குப் பிறகுதான் கூவல் வரும்.

இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். காலை பத்து மணி இருக்கும். வன்னியில், தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், இடம்பெயரும் சனத்தால் தெரு இறுகிப்போய் நிற்கிறது. தம்பிராசா அண்ணையின் உழவு இயந்திரத்துப் பெட்டியில் நானும் அவருடைய மனைவி பூமணி அக்காவும் இருக்கிறோம். எங்களுக்குக் கீழே நெல்மூட்டை, தகரம், அம்மி. என் கணவர் சிவநேசன் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார்.

"குப்புறப் படுங்கோ! தலையைத் தூக்காதைங்கோ!"

அது தம்பிராசா அண்ணை. நான் படுத்தேன். நிலம் அதிர்ந்தது. மண் மழையாக விழுந்தது. காது அடைத்துவிட்டது. எழும்பிப் பார்த்தபோது சைக்கிள் நின்ற இடத்தில் புகை நின்றது.

சிவநேசன் வாய்க்கால் கரையில் கிடந்தார். முகத்தில் காயமில்லை. நெஞ்சில் சிறிய ஓட்டை. இரத்தம் கூட அதிகமில்லை. நான் அவரை உலுக்கினேன். உலுக்கிக்கொண்டே இருந்தேன். தம்பிராசா அண்ணை என் கையைப் பிடித்து விலக்கினார். பெட்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். தெருவோரத்தில் குழி வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் வருவதற்குள் இரண்டு தடவை குத்திவிட்டான். அவர் படுத்தார். எழும்பினார். மறுபடி வெட்டினார்.

அந்த மனிதனுக்கு நான் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது சாட்சியம் இல்லை.

அதற்கு மூன்று வருடத்துக்கு மேல் முந்தி இருக்கும். சண்டை ஓய்ந்திருந்த காலம். கொழும்பு அரசின் சனாதிபதித் தேர்தல். வன்னிக்குள் வாக்களிப்பு நிலையம் இல்லை. புளியங்குளம் தாண்டி, சோதனைச் சாவடிக்கு அப்பால் போய்த்தான் போட வேண்டும். ஒருவரும் போகக் கூடாது என்று இயக்கத்திலிருந்து எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் எங்கள் ஊர் மாதர் சங்கச் செயலாளர். இருபத்தேழு வயது. சொல்லப்பட்டதை நான் நம்பினேன். விடிய ஆறு மணிக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சந்தியில் நின்றேன்.

தம்பிராசா அண்ணை வெள்ளைச் சட்டை போட்டுச் சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். குரல் உயர்த்தத் தெரியாதவர்.

"எங்கை அண்ணை?"

"வோட்டுப் போடப் போறன், பிள்ளை."

"அது அவையின்ரை தேர்தல். எங்களுக்கென்ன அதிலை?"

"இருக்கலாம். ஆனா கடுதாசியிலை என்ரை பேர் கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்."

அவருடைய சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தேன். நான்காகக் கிழித்தேன். யாரும் என் கையைப் பிடித்துக் கிழிக்க வைக்கவில்லை. அவர் துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார்.

அதன் பிறகு அவர் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. பங்குனியில், மாத்தளனில், ஒரே பதுங்கு குழிக்குள் இருந்தபோது நானாகத் தொடங்கினேன். "அண்ணை, அண்டைக்குச் சந்தியிலை..."

"உந்தக் கதையை விடு. அந்த மண்மூட்டையை அங்காலை தள்ளு."

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் அள்ளப் போனார். பின்னேரம் நாலு மணி. ஒரே ஒரு வெடி. வாளி மட்டும் கிடைத்தது.

அவருக்கும் பூமணி அக்காவுக்கும் ஒரே மகன். ரமேஷ். இருபத்துநாலு வயது. மாசியில் இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. சண்டை முடிகிற கிழமை ஓடி வந்து தாயைக் கண்டுபிடித்தான். வட்டுவாகலில் இராணுவத்தின் ஒலிபெருக்கி கத்தியது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பேர் கொடுக்க வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்றது. பூமணி அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஒப்படைத்தா. பச்சை நிற பஸ். ஜன்னலோரம் இருந்தான். பஸ் போய்விட்டது.

நாங்கள் முகாமுக்குப் போனோம். பிறகு ஊருக்கு வந்தோம். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள எங்கள் வயலைச் சுற்றி முள்ளுக்கம்பி. உள்ளே இராணுவம் கச்சான் கடலை பயிரிடுகிறது. தேர்தல்கள் வந்தன. பெண்கள் நாங்கள் போய் வரிசையில் நின்று போட்டோம். வென்றவர்கள் மாலையோடு வந்தார்கள். காணி வரவில்லை. பிள்ளைகள் வரவில்லை.

போன தேர்தலுக்கு முன் ஊர் கூடியது. வாசிகசாலை முற்றத்தில், பிற்பகல். இம்முறை எங்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை. கட்டளையிட யாரும் மிச்சமில்லை. வயல் விடுபடும்வரை இந்த ஊர் வாக்களிக்காது என்று கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். பூமணி அக்கா உயர்த்தவில்லை.

"நான் போவன்," என்றா. "வருசா வருசம் வாக்காளர் இடாப்பு எழுத வரேக்கை ரமேஷின்ரை பேரையும் எழுதச் சொல்லிக் கேக்கிறனான். ஊரிலை இல்லாத ஆளை எழுதேலாதெண்டு கிராம சேவகர் சொல்லுறார். நானும் போகாமல் விட்டால் அந்த வீட்டிலை ஆளே இல்லையெண்டு வெட்டிப்போடுவாங்கள்."

போகிறவர்களை மறிக்க என்னைச் சந்தியில் நிற்கச் சொன்னார்கள். பழக்கமுள்ள ஆள் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். எழும்பி வீட்டுக்கு நடந்தேன்.

தேர்தல் நாள். காலை எட்டு மணி. அக்கா சேலை கட்டிக்கொண்டு தனியே நடந்து வருவது தெரிந்தது. நான் படலையைத் திறந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். சந்தியில் ஏழு பெண்கள். தெரு நடுவில் குறுக்கே நீளமான மர வாங்கு போட்டிருந்தார்கள். எல்லோரும் பிள்ளையையோ புருஷனையோ இழந்தவர்கள். கோபம் நியாயமான கோபம்.

"திரும்புங்கோ, அக்கா. ஊர் எடுத்த முடிவு."

"அவா போகட்டும்," என்றேன். "நான் போடமாட்டன். ஆனா அவாவை மறிக்காதைங்கோ."

"நீரும் கையை உயர்த்தினனீர்தானே?"

"ஓம். என்ரை கையைத்தான் உயர்த்தினனான். அவான்ரை கையை இல்லை."

ஒருத்தி என் முகத்துக்கு நேரே துரோகி என்றாள். நான் வாங்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். ஒரு ஆள் நடக்க இடம் வந்தது. அக்கா நடந்து போனா.

பள்ளிக்கூட வாசலில் நான் நின்றேன். உள்ளே போகவில்லை. உள்ளே அதிகாரிகள் ஆளில்லாத வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அக்கா மையிட்ட விரலோடு வந்தா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"என்ரை மனுசன் அண்டைக்குப் போட இருந்த ஆளும் இப்ப போட்டியிலை இல்லை, பிள்ளை. நான் ஆருக்கோ போட்டனான்."

நான் அப்போதுதான் அழுதேன். தெருவில் நின்று அழுதேன். எத்தனையோ வருடமாக வராத அழுகை. அக்கா என் தோளைத் தட்டி, வெயில் ஏறுது, நட என்றா.

ஊரில் அநேகமாக ஒருவரும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. முள்ளுக்கம்பி அப்படியே இருக்கிறது. மாதர் சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

மறக்கக் கூடாது என்பதற்காக எண்ணி எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடு. நிமிர்ந்து நின்றது ஒன்றும் இல்லை. மாடுகள் எல்லாம் போயின. உழவு இயந்திரத்தை இரணைப்பாலையில் விட்டோம். வயல் இருபத்தெட்டு ஏக்கர், கம்பிக்கு உள்ளே. இறந்தவர்கள் ஒன்பது பேர். முதலாவது சிவநேசன், வயது முப்பத்துமூன்று. ஏழாவது தம்பிராசா அண்ணை. கடைசி, பெயர் வைக்காத ஒரு பெண் குழந்தை.

முதலில் ரமேஷையும் சேர்த்துப் பத்து என்று எழுதிவிட்டு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா பேனையை வாங்கித் தானே வெட்டினா.

ஒன்பது.