மூன்றாவது அடி

டங். டங். டங்.

மூன்று அடி. நான் ஓடுகிறேன்.

"ஓடு, ஓடு. இமிக்ரேசன் வந்துட்டான். பின்வாசல் லா, பின்வாசல்." எங்களை வேலை வாங்கும் மண்டோர் மணியம் கத்துகிறான்.

வியாழக்கிழமை. காலை பத்து இருபது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. இடது காலில் செருப்பு இல்லை. வலது கையில் முழங்கை வரை ரத்தம். பெரும்பாலும் என் ரத்தம் இல்லை.

பின்வாசல். கம்பி வேலியில் நாங்களே வெட்டி வைத்த ஓட்டை. அதைத் தாண்டி வாய்க்கால். அதைத் தாண்டி செம்பனைக் காடு, எண்ணெய்ப் பனைத் தோட்டம். எனக்கு முன்னால் ஆறு பேர். பின்னால் நான்கு பேர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள் உள்ளங்காலில் இறங்கியது. வலிக்கவில்லை. பிறகுதான் வலித்தது.

காட்டுக்குள் நூறு அடி போயிருப்பேன். அப்போது கேட்டது. அரவை மெஷினை ஓட்டுகிறார்கள். முதலில் ஒரு முனகல். அடுத்து ஒரு திணறல். எதிலோ சிக்கிய மாதிரி. பிறகு சீரான இரைச்சல்.

நான் நின்றேன்.

அந்த மெஷினுக்குள் என் தங்கை புருஷன் இருக்கிறான்.

அவன் பெயர் சேகர். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். நான்தான் வரச் சொன்னேன். "இங்க நல்லா இருக்கு மாப்ள" என்று போனில் சொன்னேன். பொய். தனியாகக் கிடந்து சாகப் பயந்துதான் கூப்பிட்டேன். சுற்றுலா விசாவில் வந்தான். விசா முடிந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்பு அலமாரிக்குப் போனது. என்னுடையது ஏற்கெனவே அங்கேதான் கிடந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே 'கோசோங்' என்று பெயர். மலாயில் வெற்று என்று அர்த்தம். சரியான பெயர்தான்.

பாசிர் கூடாங்கிலிருந்து கோத்தா திங்கி போகிற பக்கம், பெயர்ப்பலகை இல்லாத தொழிற்சாலை. பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் தூளாக்குவோம். தகரக் கூரை. கூரைக் கம்பத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மணியத்தின் அப்பா குளுவாங் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அங்கே விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த துண்டு அது. மகன் இங்கே கொண்டுவந்து மாட்டினான். ஒரு அடி என்றால் வேலைக்கு வா. இரண்டு அடி சாப்பாடு. மூன்று அடி என்றால் சோதனைக்கு வந்துவிட்டார்கள், ஓடு.

வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை நடக்கும். மூன்று அடி அடிப்பான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கடைசியாக வேலியைத் தாண்டுபவனுக்கு ரப்பர் குழாயால் முதுகில் அடி. நான் இரண்டு வாரம் கடைசி. மூன்றாவது வாரத்திலிருந்து கடைசி இல்லை. அதற்குப் பிறகு என் கால்கள் என்னைக் கேட்பதில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பத்து ஐந்து. பிளேடில் சாக்குக் கயிறு சுற்றிக்கொண்டது. மெஷினை நிறுத்தக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. மறுபடி ஓட்டினால் வேகம் பிடிக்க நேரமாகுமாம். ஓடும்போதே கொக்கி போட்டு இழுக்க வேண்டும். சேகர் குனிந்து இழுத்தான். கொக்கி உள்ளே போனது. கொக்கியோடு கையும் போனது.

அவன் கத்தவில்லை. மெஷின்தான் கத்தியது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். வலது கை முழங்கைக்கு மேல் வரை பிளேடுக்குள். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கீழே வெள்ளைத் தூள் விழுகிற தொட்டி. அது சிவந்துகொண்டிருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், கைய விட்றாத."

விடமாட்டேன் என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

மணியம் வந்தான். பார்த்தான். ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போட்டான். "ஆமா பாஸ். உயிரு இருக்கு பாஸ். எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க லா." இது என் காதில் விழுந்தது. போனைப் பையில் வைத்தான். எங்களைப் பார்த்தான். தண்டவாளத் துண்டை அடிக்கிற சுத்தியலை எடுத்தான்.

இத்தனையும் பார்த்தேன். பார்த்தும் ஓடினேன். மூன்றாவது அடி விழுந்ததும் என் கை அவன் பிடியை உதறியது. அவன் நகம் என் மணிக்கட்டைக் கிழித்தது. எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் அவனை இரண்டாம் முறை விட்டதாகும்.

பகல் இரண்டு மணி. ஒரு அடி. வேலைக்கு வா.

திரும்பினோம். தரையைக் கழுவியிருந்தார்கள். தொட்டியில் புதுத் தூள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சேகர் இல்லை.

"அவன இமிக்ரேசன் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய்ட்டாங்க. நீங்க தப்பிச்சீங்க," என்றான் மணியம்.

நான் முன்வாசலுக்குப் போனேன். காலையில் மழை பெய்திருந்தது. செம்மண் பாதை. அதில் ஒரே ஒரு வண்டித் தடம். முதலாளியின் லாரித் தடம். சோதனைக்கு வருபவர்கள் பறந்தா வந்தார்கள்? மெஷினுக்கு அடியில் சேகரின் நீலச் செருப்பு கிடந்தது. ஒற்றை. பிடித்துப் போனவர்கள் மெஷினை ஏன் ஓட்டினார்கள்? அவனை வெளியே எடுக்கத்தான் ஓட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் நினைத்துப் பார்த்துவிட்டேன். எங்களை விரட்டிவிட்டு எதற்கு எடுக்க வேண்டும்?

மணியத்தின் சட்டையைப் பிடித்தேன். ரப்பர் குழாய் வந்தது. முதலாளியின் டிரைவரும் சேர்ந்துகொண்டான். இரண்டு பல் போனது. வலது காதில் அன்றைக்கு விழுந்த இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

மறுநாள் வெள்ளி. காலை பதினோரு மணி. டங். டங். டங்.

ஒத்திகைதான். ஒரு ஆள் செத்த மறுநாளும் ஒத்திகை. எல்லோரும் ஓடினார்கள். என் கால் துடித்தது. உண்மையைச் சொல்கிறேன், துடித்தது. மெஷினின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய், ஓடு. செத்துருவ," என்றான் மணியம்.

ஓடவில்லை. முதுகில் பன்னிரண்டு அடி வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

கண் விழித்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. வாசல் காவலாளி வெள்ளித் தொழுகைக்குப் போயிருந்தான். முன்வாசல் வழியாக நடந்தேன். அந்த வாசலைத் தாண்டி நான் நடந்தது அதுதான் முதல் தடவை. வந்தபோது லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் வந்தேன். தார் ரோட்டில் தொழிற்சாலைப் பேருந்துகள் போகின்றன. மோட்டார் சைக்கிள்காரர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்கள். போலீஸ் நிலையத்தைக் கேட்டுக் கேட்டு நடந்தேன். வாசலில் நின்று தெரிந்த மலாயில் சொன்னேன். "கவான் சாயா மாத்தி." என் கூட்டாளி செத்துவிட்டான். மணிக்கட்டைக் காட்டினேன்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். எழுதிக்கொண்டார். போய்ப் பார்த்தும் வந்தார்கள். மெஷின் இருந்த இடத்தில் ஈர சிமெண்டு. மணியம் இல்லை. மற்றவர்களுக்கு மறுபடி மூன்று அடி அடித்திருப்பான், செம்பனைக் காட்டுக்குள் ஓடியவர்கள் திரும்பி வரவே இல்லை. என்னைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். பிறகு ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊரில் தங்கை கோமதி நெற்றியில் குங்குமத்தோடு நின்றாள். சேகருக்கு விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு போன் பண்ணியிருக்கிறான். "புடிச்சு உள்ள வச்சிருக்காங்க. ஒரு வருசத்துல வந்துருவாப்ல." அவள் நம்பிக் காத்திருக்கிறாள்.

சொன்னேன். மெஷினைச் சொன்னேன். மூன்று அடியைச் சொன்னேன். நான் உதறியதைச் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. என் வலது கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த எடத்துலண்ணே புடிச்சாரு?"

என்னால் காட்ட முடியவில்லை.

போனவை இவை. சேகர், வயது முப்பத்தொன்று. உடல் கிடைக்கவில்லை. அதனால் ஊரில் அவனுக்குக் காரியம் நடக்கவில்லை. அவன் மகள் அப்பா என்று எழுதப் பழகிய வருடம். என் பல் இரண்டு, காது ஒன்று. நீலச் செருப்பு ஒன்று, அதை எடுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்லக்கூடிய பத்துப் பேர், இன்று எந்தத் தகரக் கூரையின் கீழ் இருக்கிறார்களோ. என் மணிக்கட்டில் அவன் நகம் கிழித்த கோடுகள் நான்கு. அவன் கடைசியாகப் பிடித்த இடத்துக்கு இருந்த ஒரே அடையாளம். முகாமில் தினமும் எண்ணிப் பார்த்தேன். நான்கு, நான்கு, மூன்று, இரண்டு. ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிட்டன.