நெல் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று கேட்டவருக்கு

கரையோர அபிவிருத்திச் சபை உறுப்பினர்களின் சொத்து விபரங்களைப் பரிசீலிக்கும் எமது பிரிவின் பிரதம லிகிதர், மருதமுனை ஈன்ற மாண்பாளர், ஜனாப் கச்சிமுகம்மது அவர்களே!

நேர்மையை நெஞ்சில் நிறுத்திய நெறியாளரே! அஞ்சாமல் எழுதி, அதற்கான விலையை அழாமல் கொடுத்த அண்ணலே!

ஓய்வு பெறுபவரை மகிழ்ந்து வழியனுப்புவதே வழமை. எங்களால் அது முடியவில்லை. மனம் கனத்துத்தான் நிற்கிறோம்.

எந்த உறுப்பினர் வீட்டிலும் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தாத தூயவரே! கல்யாண விருந்தில் பலர் கூடியுண்ணும் உங்கள் சஹன் தட்டருகே உறுப்பினர் ஒருவர் வந்து அமர, நீங்கள் எழுந்து வேறு சஹனுக்குப் போனதை ஊரே பார்த்துச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

பின்னர் ஓர் உறுப்பினரின் படிவம் வந்தது. அதில் ஒரு துவிச்சக்கர வண்டியைத் தவிர எதுவுமில்லை, பொய்யுமில்லை. அவர் குடியிருக்கும் வீடும் அறுவடை செய்யும் வயலும் வாய்ச்சொல்லால் கிடைத்த சீதனம். காணி உறுதிப்பத்திரம் இன்னும் மாமியாரின் பெயரில். படிவமோ மனைவி மக்களின் சொத்தைக் கேட்பதோடு நின்றுவிடுகிறது. அப்போது சொன்னீர்கள்: “காணி யாரிட பேரில எண்டு கேட்டா நம்மட ஊரில ஒண்டும் பிடிபடாது புள்ளையள். நெல்லு யாரிட வூட்டுக்குப் போகுது எண்டு கேளுங்க.”

கேட்டோம், பிடிபட்டது. பழைய வாய்க்காலின் தண்ணீரை அந்த வயலுக்குத் திருப்பும் திட்டத்துக்கே அவர் சபையில் கையுயர்த்தவிருந்தார். தொடர்புடையவர் அவ்விடயம் பேசப்படும்போது எழுந்து வெளியே செல்லவேண்டும் என்று அறிக்கை எழுதினீர்கள். பழைய வாய்க்காலின் கடைசியில் உங்கள் மகள் ஹாஜறாவின் வயல் இருப்பதையும், எவரும் கேளாமலே, முதற்பக்கத்தில் எழுதினீர்கள்.

அந்த ஒரு வரியை மேலிடம் பிடித்துக்கொண்டது. எழுதியவருக்கே தொடர்பு உண்டென்று அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். தண்ணீர் திரும்பியது. ஹாஜறாவின் வயல் அன்றிலிருந்து காய்ந்து கிடக்கிறது. “அந்த வரிய எழுதாம வுட்டிருக்கலாமே வாப்பா” என்று அவர் அழுதது எங்களுக்குத் தெரியும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நோய்நொடியற்ற நீண்ட ஆயுளையும், மகளின் வயலில் பச்சையைக் காணும் ஒரு நாளையும் அருள்வானாக!

நிறைவாக ஒன்று. உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு மேலிடம் அனுப்பிவைத்திருக்கும் பிரதம விருந்தினர், மேற்சொன்ன அதே உறுப்பினர். இம்மேடையில் வாசிக்கப்படும் இம்மடலில் பேசப்பட்ட விடயத்தில் அவருக்குத் தொடர்பு உண்டு. நீங்கள் எழுதிய விதி ஒருமுறையேனும் நடைமுறைக்கு வரட்டும்.

கௌரவ உறுப்பினர் அவர்களே, தயவுசெய்து எழுந்து வெளியே செல்லுங்கள். பொன்னாடையை நாங்கள் போர்த்துகிறோம்.

‘ஊழியர்கள்’ என்று மட்டும் எழுதி ஒளிந்துகொள்ளாமல், பெயர் வைத்தே ஒப்பமிடுகிறோம்:

ஜவுபர், யாகோப்பு, நஸீறா, குணம்
கல்முனை, 1988